நாலு இட்லி

"போன வாரம் உன் குக்கர் அடிச்ச ஒரு விசிலுக்கு ஊரே இன்னும் என்னைப் பார்த்து விசிலடிக்குது பிரபா, இன்னைக்காவது உன் சமையல்கட்டை ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு." சொல்லியாகிவிட்டது. சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் கூடத்துக்குப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. "சமையல்கட்டு வாயை மூடினா எட்டு மணிக்கு எதைத் தின்பீங்க, புள்ளிவிவரத்தையா?" என்று இவள் கேட்டது அவர் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்து பிரபாவதி அந்த வாக்கியத்தை ஒரு சொல் சிந்தாமல், அவர் இழுக்கிற இழுப்போடு, தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். உன் குக்கர். உன் சமையல்கட்டு. வீடு அவர் பேரில், குக்கர் மட்டும் இவள் பேரில். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்புக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட கைலி, முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி. அதில் அவர் படித்தவை கால்வாசி, இவள் தூசி தட்டியவை முழுவதும். ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர், டெல்லியில் ஆள்கிற கட்சியின் சார்பில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வீட்டிலிருந்தபடியே விவாதம். போன ஞாயிறு நாலு விரலை விரித்துக் காட்டி, "எங்க வீட்டுல பத்து வருஷமா காலையில எனக்கு நாலு இட்லி, இன்னைக்கும் நாலு இட்லி. இவங்க சொல்ற மாதிரி விலைவாசி ஏறியிருந்தா அது மூணாகியிருக்கணுமா இல்லையா?" என்று கேட்டார். கேட்ட அந்த நொடியில் குக்கர் விசிலடித்தது. பருப்பு வெந்துவிட்டது, அதற்கு யார் பேசுகிறார் என்று தெரியுமா? "சார், உங்க வீட்டு குக்கரே மறுப்பு தெரிவிக்குது" என்றான் நெறியாளர் கார்முகிலன். மறுநாள் விடியும் முன் திருச்சியில் கைப்பேசி வைத்திருந்த எல்லாரிடமும் அந்த விசில் போய்ச் சேர்ந்திருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே உலைமூடியே ஊர்வாயைத் திறந்துவிட்டது.

அதனால் இன்று எல்லாம் அணைந்திருந்தன. அடுப்பு, புகைபோக்கி விசிறி, மேலே கடகடக்கும் மின்விசிறி, ட்யூப்லைட் ரீங்காரமிடுகிறது என்று அதுவும், கடைசியில் உறுமுகிறதாம் என்று ஃப்ரிட்ஜும். கூடத்து வெளிச்சம் வாசல் வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வந்து விழுந்திருந்தது, அவ்வளவுதான். வியர்வை கழுத்திலிருந்து முதுகுக்குள் இறங்கிப் பாவாடை நாடாவில் தேங்கியது. தேங்கட்டும். மேடை மேல் மாவுப் பாத்திரம் இருந்தது, காலையில் கரைத்த மாவு, உறையூர்ச் சூட்டில் பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு விளிம்பு தாண்டி வழிந்து வந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை போலிருக்கிறது. சும்மா இரு என்று சொன்னால் சும்மா இருக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? கான்வென்ட்டிலிருந்து. வகுப்பில் தமிழில் ஒரு சொல் பேசினால் பத்து பைசா அபராதம், மேசை மேல் ஒரு தகர உண்டியல், அதில் பாதி அவளுடைய காசு. சிஸ்டர் பெர்னடெட் உண்டியலைக் குலுக்கிக் காட்டி, பிரபாவதி, உன் நாக்கில் கோயில் கட்டலாம் என்பார். அதே சிஸ்டர்தான் அவளைப் பேச்சுப்போட்டிக்கு அனுப்பினார். விவாத மேடையில் எந்தக் கட்சி என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள், சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஒரு வருஷம் 'விலைக்கட்டுப்பாடு வேண்டும்' என்று சீட்டு வந்தது, பேசினாள், கோப்பை. மறுவருஷம் 'வேண்டாம்' என்று வந்தது, அதற்கும் பேசினாள், அதற்கும் கோப்பை. வீட்டில் இரண்டு கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எதற்கு எது என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே பித்தளை. அன்றைக்கே இந்த வித்தையின் அடிமடி அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடத்துத் திரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இன்னும் சீட்டு என்பதே ஞாபகமில்லை, பிறக்கும்போதே அந்தப் பக்கம் பிறந்தவர்கள் மாதிரி கத்துகிறார்கள்.

கத்தல் இப்போது தெளிவாகக் கேட்டது. வழக்கறிஞர் செங்குட்டுவன், கோட்டையில் ஆள்கிற கட்சிக்காரர், தொண்டையில் எப்போதும் ஒரு மேடை வைத்திருப்பவர்: "சிலிண்டர் விலையை ஏத்துனது யாரு? செஸ் போட்டது யாரு? பேராசிரியர் பதில் சொல்லட்டும்!" "மாநில வரியைக் குறைக்காதது யாரு? அதுக்கு முதல்ல நீங்க சொல்லுங்க!" நீ சொல்லு, நீ சொல்லு. பள்ளிக்கூடத்தில் சன்னல் கண்ணாடி உடைந்த அன்று இரண்டு பையன்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள், நடுவில் கண்ணாடிச் சில் குத்திய இவள் காலிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது, காலைப் பார்க்க ஆள் இல்லை. பணவீக்கம் பணவீக்கம் என்கிறார்களே, எங்கே வீங்கியிருக்கிறது பணம்? வீங்கினால் தெரியாதா, சுளுக்கிய கணுக்கால் மாதிரி? அவள் கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாம் வற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சோப்பு நடுவில் குழிந்து வருகிறது, கீரைக்கட்டு ஒரு பிடியிலிருந்து அரைப்பிடியாகிவிட்டது. புதன்கிழமை கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்தவுடன், "என்னம்மா, உங்க வீட்டுல இன்னும் நாலேதானா? குடுத்து வச்சவுக. எங்க வீட்டுல ரெண்டாகி மூணு வருசமாச்சு, எங்களை யாரும் டிவில கூப்பிட்டுக் கேக்கலை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக இவள் ஒரு கட்டுக் கூடுதலாக வாங்கினாள், வேண்டாத அகத்திக்கீரை, கசந்தது. எதிர்த்துப் பேசி ஜெயிக்காத நாள் அவளுக்கு வாழ்க்கையில் அதிகமில்லை. அன்று வாய் திறக்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். அதை இப்போது நினைக்க வேண்டாம். வேறெதையாவது நினை. ஃப்ரிட்ஜ் கதவைப் பார்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், மாம்பழக் காந்தத்தின் கீழே. நாளைக் காலை பத்து மணிக்குக் கட்சிப் பிள்ளைகள் கேமராவோடு வருகிறார்கள், இவள் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விசிலைக் கேலி செய்தவர்களுக்குப் பதிலாம். இருட்டில் எழுத்துத் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம், மனப்பாடம். 'நான் ஒரு சாதாரண இல்லத்தரசி. எங்கள் வீட்டில் இன்றும் நாலு இட்லிதான். விலைவாசி உயர்ந்துவிட்டது என்பவர்கள் என் சமையலறைக்கு வந்து பார்க்கட்டும்.' சாதாரண. எழுதினவன் யாரோ, அவன் கையில் சிஸ்டர் பெர்னடெட்டின் அடிக்கோல் விழ. "ரெண்டு வரிதானே பிரபா, உன் வாய்க்கு இது ஜுஜுபி" என்றார் வைத்தியலிங்கம் மத்தியானம் சாப்பிடும்போது. "என் வாய்தானே, அதுல என்ன வரணும்னு நான் எழுதிக்கிறேன்." "நீ எழுதினா ரெண்டு வரியில முடியாது." "உண்மைதான் ரெண்டு வரியில முடியாது." "அதான் பிரச்சனை, பாரு, நான் எது சொன்னாலும் நீ ஒண்ணு சொல்லுவே." அதோடு சரி, ரசத்துக்குப் போய்விட்டார். மாநிலச் செய்தித்தொடர்பாளர் பதவி ஒன்று அவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது, இந்த வாரத்துக்குள் முடிவாகுமாம், நாலு விரல் விரித்த அவர் படத்தைப் போட்டுக் கட்சியில் ஏற்கெனவே சுவரொட்டி அடித்தாகிவிட்டது. சுயநிதிக் கல்லூரியில் முப்பது வருஷம் நின்றுகொண்டே பேசியவரை இப்போதுதான் ஊர் உட்காரவைத்துக் கேட்கிறது. அது அவளுக்குத் தெரியாமலில்லை. பென்ஷன் இல்லாத வேலை, வங்கி வட்டியில் ஓடுகிற வீடு, வீட்டுச் செலவுக்கு அவர் ஓய்வு பெற்ற மாதம் எடுத்துக் கொடுத்தது எவ்வளவோ அதுவேதான் இன்றைக்கும். பத்தவில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டு, அந்தக் கோடு ஏன் ஏறுகிற மாதிரி தெரிகிறது, உண்மையில் ஏன் ஏறவில்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அடுப்பில் வெண்டைக்காய் தீய்ந்தது. கேட்டால் பதில் சொல்கிற மனிதரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

கேட்கவில்லை. பெரிய கடை வீதிக்குப் போனாள். பாத்திரக் கடைக்காரர் இரண்டு இட்லித் தட்டுகளை அவள் முன்னால் கவிழ்த்துப் போட்டு, "அக்கா, இது பழைய மாடல், இது புதுசு, குழி ஆழம் கம்மி. மேல பாத்தா வித்தியாசமே தெரியாது, வட்டம் அதே வட்டம். இப்ப மெஸ்காரங்க அத்தனை பேரும் இதைத்தான் தூக்குறாங்க" என்று சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார். இரண்டு வருஷமாகிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள், அவள் நாலு இட்லிக்குள் ஒரு தேசத்தின் விலைவாசியை மறைத்தாள். இந்தத் தந்திரம் எங்கே கற்றது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் இதில் உறுத்துகிற முள். டெல்லியில் மற்றவர்கள் ஆண்ட காலத்தில் ஒரு பத்திரிகைக்கு இவர் எழுதிய கட்டுரை: அஞ்சு ரூபாய் பிஸ்கட் பொட்டலம் அதே அஞ்சு ரூபாய், உள்ளே பிஸ்கட் மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது, இது ஒளித்து வைத்த விலையேற்றம், மக்கள் முதுகில் சத்தமில்லாமல் வைத்த கத்தி. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே அவர் சொல்லச் சொல்ல இவள்தான் பழைய கம்ப்யூட்டரில் தட்டினாள். 'மக்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், எடையைப் பார்க்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஆட்சி நடக்கிறது.' நல்ல வாக்கியம் என்று அன்றைக்கு அவளே சொன்னாள், அவர் வெட்கப்பட்டார். அந்த வாக்கியத்தை எழுதிய மனிதர்தான் இரண்டு வருஷமாகத் தட்டில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு, எடையைப் பார்க்காமல், சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார். சீட்டு மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துச் சீட்டில் பிஸ்கட் இளைக்கும், இந்தப் பக்கத்துச் சீட்டில் இட்லி இளைக்காது. சிரிப்பு வந்தது. சிரிப்பைத் தொடர்ந்து அந்த மர பெஞ்ச் வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. "நாலு தின்னும் பத்து மணிக்கெல்லாம் பசி காந்துது பிரபா. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சுகரா இருக்குமோ?" இரத்தப் பரிசோதனைக் கூடத்து மர பெஞ்சில், காகிதம் வருகிறவரை, அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் வெளி இடத்தில் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றும் இல்லீங்க, உங்களுக்கு வியாதி இல்லை, உங்களுக்கு வந்திருப்பது வெறும் பசி, பச்சைப் பசி, நான்தான் வைத்தேன். சொன்னால் அந்தக் கை போய்விடும் என்று பயந்தாள். சொல்லவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதம் வந்தது, கையும் போனது. அப்படியும் மனிதர் விடவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று தினம் மைதானத்தை ஆறு சுற்று நடக்கிறார், நடந்து இன்னும் பசியோடு வருகிறார், அவள் ஒரு டம்ளர் மோரை நீட்டுகிறாள், மோரும் முன்னைவிடத் தண்ணீர். தன் வீட்டு மனிதனைப் பசியில் வைத்தவளா நான் என்று தன்னையே ஒரு நொடி கேட்டுப் பார்த்தாள். அந்த நொடி போனதும் கோபம் திரும்பி வந்தது, கோபம்தான் அவளுக்குச் சௌகரியம். இவளுக்கு எத்தனை இட்லி என்று அவர் எப்போதாவது கேட்டாரா? இரண்டு. அதுவும் அதே குழியில்.

"இட்லி கதையை விடுங்க பேராசிரியரே," செங்குட்டுவன் குரல் கூடத்தைத் தாண்டி வந்தது, "உங்க வீட்டம்மா பாவம், என்ன கஷ்டத்துல அந்த நாலை ஒப்பேத்துறாங்களோ, யாருக்குத் தெரியும்?" அட, என்று நிமிர்ந்தாள். இந்த ஆளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, சும்மா இருட்டில் எறிந்த கல். பாவமாம். இவன் வீட்டம்மா என்ன ஆழக்குழியிலா ஊற்றுகிறாள்? "என் மனைவி பாவம்னு சொல்ல நீங்க யாரு?" வைத்தியலிங்கத்தின் குரல் உடைந்து உயர்ந்தது, விரல்கள் விரிந்திருக்கும், நாலு விரல், பார்க்காமலே தெரியும். "அவங்க கான்வென்ட்ல படிச்சவங்க, யாருக்கும் பயந்து பேசுறவங்க இல்ல. நாளைக்கு அவங்களே கேமரா முன்னாடி வந்து சொல்லுவாங்க. என் சமையலறைக்கு வந்து பாருங்கன்னு சொல்லுவாங்க. அவங்க சொன்னா ஒத்துக்குவீங்களா?" "சொல்லட்டும், ஒத்துக்கிறேன்!" "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்க, ரொம்ப நல்லது," இது கார்முகிலன். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அவள் என்ன சொல்வாள் என்பதில் இத்தனை நாள் அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் ஒத்துப்போய்விட்டது, அவளைத்தான் இன்னும் கேட்கவில்லை. யாருக்கும் பயந்து பேசுகிறவள் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது, நிஜமான பெருமை, அது வேறு வந்து காலைத் தடுக்கியது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நாளைக்குப் பத்து மணிக்கு அந்தத் தாளைப் படிக்கவா? கீரைக்காரம்மா பார்ப்பாள். அவள் பேத்தியின் கைப்பேசியில் அகத்திக்கீரை வாங்கின இந்த வாய் வந்து, நாலேதான் என்று சொல்லும். மெஸ்காரர்கள் பார்ப்பார்கள், பாத்திரக் கடைக்காரர் பார்த்துவிட்டு அக்கா என்று கூப்பிட்டதற்கு வருத்தப்படுவார். பரணை நினைத்தாள். எழுந்தாள். முக்காலி கிறீச்சிட்டது, கிறீச்சிடட்டும். பொங்கல் பானைக்குப் பின்னால், பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஆழக்குழித் தட்டு கையில் தட்டுப்பட்டது. இழுக்கும்போது மேலேயிருந்த ஈயச்சொம்பு உருண்டு தரையில் விழுந்து மூன்று முறை குதித்தது. "பிரபா!" என்று ஒரு உறுமல் கேட்டது, தொடர்ந்து மைக்கை அணைக்கிற அந்தச் சின்ன டொக். அவர் கற்றுக்கொண்டுவிட்டார். பொருளாதாரத்தில் முப்பது வருஷம் கற்றுக்கொள்ளாததை ஒரே விசிலில் கற்றுக்கொண்டுவிட்டார். செய்தித்தாளைப் பிரித்தாள். கழுவி வைத்திருந்த புதுத் தட்டை மற்றக் கையில் எடுத்தாள். ஆழக்குழித் தட்டின் விளிம்பில் எத்தனையோ வருஷத்து மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள், போகவில்லை. வந்து பார்க்கட்டும் என்றுதானே எழுதியிருக்கிறது? சமையலறைக்கு அவர்கள் எதற்கு வர வேண்டும், திரையில் இருக்கிற மற்ற ஏழு பேரும் பாவம் எவ்வளவு தூரம், சமையலறை அங்கே போனால் ஆயிற்று.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்து, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் எட்டுச் சதுரம், அவற்றில் ஒன்றில் வெள்ளைச் சட்டை. இப்போது அதன் பக்கத்தில் வியர்த்த முகத்தோடு ஒருத்தி. இவ்வளவு நரையா இந்தப் பக்கம்? இருக்கட்டும். "என்ன பண்றே? எழுந்திரு, லைவ் போயிட்டிருக்கு," என்றார் அவர் உதடு அசையாமல், அவருக்கு இருக்கிற ஒரே நாடகத் திறமை அது. அவள் இரண்டு தட்டுகளையும் தூக்கி, குழிகள் தெரியும்படி சாய்த்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பிடித்தாள். அன்றைக்கு வீட்டில் இரண்டு கோப்பையை வைத்துப் பார்த்த மாதிரி. ஆனால் இவற்றில் எதற்கு எது என்று யாருக்கும் தெரியும். செங்குட்டுவன் வாயைத் திறந்தபடி நின்றார், அடுத்த சதுரத்துப் பொருளாதார நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார், கார்முகிலன் காதில் கைவைத்து யாரோ சொல்வதைக் கேட்டான், ஒவ்வொரு சதுரமாக வாய் அசைவது நின்றது. இந்த ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேரும் ஒன்றாகச் சும்மா இருந்தது இப்போதுதான். வைத்தியலிங்கம் தட்டுகளைப் பார்த்தார். முதலில் வலது கையில் இருந்ததை, பிறகு இடது கையில் இருந்ததை, மறுபடியும் முதலாவதை. சட்டைக்குள் ஒரு கை போய் அவர் வயிற்றைத் தொட்டது, தொட்டு அங்கேயே நின்றது. மைதானத்து ஆறு சுற்றும், அந்த மர பெஞ்சும், பத்து மணிப் பசியும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து உட்காருவதை அவள் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை, எடுத்தால் பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று தெரியும். 'மக்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்', உங்கள் வாக்கியம்தான், நான் தட்டினது, அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். திரையின் ஓரத்தில் சின்ன மைக் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அவருடைய இன்னொரு உள்ளங்கை கீபோர்டு மேல் பல்லி மாதிரி ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பிடித்து நகர்த்தலாம். பிடிக்க அவளிடம் கை இல்லை, இரண்டிலும் தட்டு.

"ஏங்க," என்றாள், "எல்லாரும் பாத்தாச்சு. அந்த மைக்கைக் கொஞ்சம் திறந்து விடுங்க."